முன் கொட்டாய்க் கிடா

பரமேஸ்வரனுக்குத் தன் சம்பந்தி சாமிக்கண்ணுவைக் கண்டாலே ஆகாது. யாராவது அந்த ஆளின் பெயரைச் சொல்லிவிட்டால் போதும், குடித்துக்கொண்டிருக்கும் தேத்தண்ணி கசந்துவிடும்.

எல்லாம் பெண் பார்க்க வந்த அன்றைக்கு ஆரம்பித்த வினை. மலாக்காப் பக்கம் நியாலாஸில் பரமேஸ்வரனின் வீட்டை ஒட்டியே ஆட்டுக் கொட்டாய். நூறு ஆட்டுக்கு மேல் நிற்கிறது. வாடை அடிக்கத்தான் செய்யும். ஆடு என்ன அத்தரா பூசிக்கொள்ளும்? புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலை ஆபீஸில் முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் சாமிக்கண்ணு. காரைவிட்டு இறங்கியதும் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தவர், திரும்பிப் போகிறவரை எடுக்கவில்லை. பரமேஸ்வரனின் மனைவி ஜெயமணி டீயை நீட்டியபோது, “வேணாம்மா, இப்பதான் குடிச்சிட்டு வந்தோம்,” என்றார். பிறகு சன்னல் பக்கம் பார்த்து, “காத்து எப்பவும் இந்தப் பக்கமாத்தான் அடிக்குமா?” என்று ஒரு கேள்வி வேறு.

மகள் அனுசியாவுக்கு மாப்பிள்ளை தர்மேந்திரனைப் பிடித்துப்போயிருந்தது. அதனால் பரமேஸ்வரன் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார். கல்யாணம் முடிந்து இரண்டு வருடம் ஆயிற்று. இன்றுவரை சாமிக்கண்ணு அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. பரமேஸ்வரனும் அதை ஒரு நாள்கூட மறந்ததில்லை.

இப்போது அனுசியாவுக்கு ஏழு மாதம். போன மாதம் கிளினிக்கில் ரத்தம் குறைவு என்று கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற அவளுடைய பிங்க் புத்தகத்தில் எழுதி, இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். விஷயம் காதில் விழுந்த அன்றே பரமேஸ்வரன் லாரியை புக்கிட் ரம்பாய்க்கு விட்டார். வீட்டுக்குள் நுழையக்கூட இல்லை, கேட்டுக்கு வெளியே நின்றபடியே ஆரம்பித்துவிட்டார்.

“எம் பொண்ணு மொகத்தப் பாருங்க, வெள்ளக் காயிதம் மாரி இருக்கு! வாரத்துல ஒரு நாளு ஈரலும் சுவரொட்டியும் வாங்கி வதக்கிக் குடுக்க வக்கில்லையா இந்த வீட்டுல? பேருதான் ஆபீஸ்காரன் வீடு!”

சுவரொட்டி என்றால் ஆட்டின் மண்ணீரல். ரத்தம் குறைந்த பெண்களுக்கு அதையும் ஈரலையும் மிளகு தூக்கலாகப் போட்டு வதக்கிக் கொடுப்பது நம் சனங்களின் வழக்கம். டாக்டர் ஆயிரம் மாத்திரை கொடுக்கட்டும், ஈரல் தின்றால்தான் ரத்தம் ஊறும் என்று அடித்துச் சொல்வார்கள்.

“சத்தம் போடாதீங்க சம்பந்தி. இது வீடு ஒட்டி வீடு இருக்கிற தாமான், உங்க கம்போங்குப் பட்டிக்காடு இல்ல,” என்றார் சாமிக்கண்ணு. அவர் மனைவி பாக்கியலட்சுமி, எதிர் வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டதைப் பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனார். வக்கில்லை என்ற சொல் அந்த அம்மாளுக்கு எங்கே போய்த் தைத்தது என்று பரமேஸ்வரன் யோசிக்கவே இல்லை. திட்டியாயிற்று, வயிறு குளிர்ந்தாயிற்று. லாரியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

பரமேஸ்வரனிடம் இருந்தது ஒரு கொட்டாய் இல்லை, இரண்டு. ரோட்டைப் பார்த்த முன் கொட்டாய் பெரியது. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் விற்கிற ஆடுகள் அதில் நின்றன. வீட்டுக்குப் பின்னால், எண்ணெய் எடுக்கிற செம்பனை மரங்களின் நிழலில் சின்னதாக இன்னொன்று. அதில் ஏழெட்டு ஆடுகள்தான். அனுசியா கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை கேட்டிருக்கிறாள், பின்னால் நிற்கிற ஆடுகள் மட்டும் ஏன் இளைத்து இருக்கின்றன என்று. “அதெல்லாம் சாமிக்கு நேந்து விட்டதும்மா,” என்று பதில் வந்தது. அப்பா சொன்னதை அவள் நம்பிவிட்டாள்.

உண்மை வேறு. முன் கொட்டாய் ஆடுகளுக்கும் அதே புல், அதே செம்பனைப் புண்ணாக்குதான். கூடவே ஒரு வெள்ளைப் பொடி. தீவன வேன்காரன் ஒருவன் பெயர் ஒட்டாத பையில் கொண்டுவந்து கொடுப்பான். ஆறு வருடப் பழக்கம். அந்தப் பொடி போட்டால் ஆட்டுக்குக் கொழுப்பு கரைந்து சதை ஏறும், தொடை திரண்டு நிற்கும். வெட்டுவதற்கு மூன்று வாரம் முந்தியே நிறுத்திவிட வேண்டும் என்று வேன்காரன் சொல்லித்தான் கொடுத்தான். நிறுத்தினால் ஏறிய சதை இறங்குகிறது, வாங்க வருகிறவன் முகத்தைச் சுளிக்கிறான். பரமேஸ்வரன் நிறுத்தவில்லை.

அது மனுசனுக்கு ஆகாத சரக்கு என்று அவருக்குத் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். நன்றாகத் தெரியும். ஒரு முறை வெறுங்கையால் அதைக் கலந்துவிட்டு, சரியாகக் கழுவாமல் சோற்றில் கை வைத்தார். அரை மணி நேரத்தில் நெஞ்சு தறிகெட்டு அடித்தது. சட்டைப் பொத்தானைப் போட விரல்கள் ஒத்துவரவில்லை. அன்றிலிருந்து கையுறை மாட்டிக்கொண்டார். பாயா ரும்புட்டிலிருந்து ஆடு வாங்கிய ஒருவர் கறி சாப்பிட்ட அன்று கை நடுங்குகிறது என்று போன் போட்டபோது, “தண்ணிய கொஞ்சம் கொறைச்சி அடிங்கண்ணே,” என்று சிரித்துவிட்டு வைத்தார். தன் வீட்டுக்குக் கறி வேண்டுமென்றால் மட்டும் பின் கொட்டாயில் ஒன்றைப் பிடித்தார். எவ்வளவு விவரமான மனுசன் பாருங்கள்.

இந்த நேரத்தில்தான் மருமகன் தர்மேந்திரன் போன் போட்டான். மோட்டார் சைக்கிள் விபத்தில் பிழைத்து எழுந்ததற்கு முனியாண்டிக்கு ஒரு கருப்புக் கிடா வேண்டிக்கொண்டிருந்தான்.

“மாமா, வர ஞாயித்துக்கெழம பூச. கெடா உங்ககிட்டதான் எடுக்கணும்னு அப்பா சொல்லிட்டாரு. சம்பந்தி வீடு இருக்கிறப்ப வெளிய எடுத்தா மரியாத இல்லையாம்.”

சாமிக்கண்ணு நல்லெண்ணத்தில் சொன்ன வார்த்தை அது. பரமேஸ்வரனின் காதில் அது அப்படி விழவில்லை. ஆடு மட்டும் வேண்டும், ஆட்டுக்காரன்தான் நாற்றம் என்று எடுத்துக்கொண்டார்.

“பின்னால நிக்கிற கருப்பனக் குடுத்துடுங்க. மருமவன் வேண்டுதலு,” என்றாள் ஜெயமணி.

“அந்த ஆளு வாய்க்கு என்னோட பின் கொட்டாய் ஆடா? முன்னால நிக்கிறது போதும். மூக்கப் பொத்திக்கிட்டே திங்கட்டும்!”

“அனுசியா சாப்ட்டுட்டா?”

“முழுகாம இருக்கிற பொண்ணு கெடா வெட்டுற எடத்துக்கு வருவாளா? ஒரு துண்டு ஈரல் வாங்கிக் குடுக்க நாதியில்லாத வீடு அது. கறியக் கொண்டாந்து ஊட்டிவிடப் போறாங்களாக்கும்! போடி, போயி வேலையப் பாரு.”

ஜெயமணி வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அவளும் ஆறு வருடமாகப் பின் கொட்டாய்க் கறியைத்தான் குழம்பு வைத்துத் தின்று வருகிறாள். 

ஞாயிற்றுக்கிழமை காலை, பாயா ரும்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் இருக்கும் முனியாண்டி கோயிலில் கூட்டம் சேர்ந்தது. சுருட்டும் சாராயப் போத்தலும் படையலில் இருந்தன. கிடாவின் கழுத்தில் மாலை போட்டு நிறுத்தினார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு, ஆடு உடம்பைச் சிலுப்புகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். அது சிலுப்பினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். சில ஆடுகள் அரை மணி நேரம் அசையாமல் நின்று எல்லோருடைய பொறுமையையும் சோதிக்கும்.

இந்தக் கிடா யாரையும் காக்க வைக்கவில்லை. தண்ணீர் மேலே படுவதற்கு முன்பே அதன் தொடையும் தோளும் உதறிக்கொண்டிருந்தன.

“கேக்குறதுக்கு முன்னாடியே உத்தரவு குடுத்துட்டான்யா முனியாண்டி!” என்று பூசாரி கத்தினார். கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. சாமிக்கண்ணு கன்னத்தில் போட்டுக்கொண்டார், அவர் கண் கலங்கியிருந்தது. “உங்க ஆடு ராசியான ஆடு சம்பந்தி,” என்று பரமேஸ்வரனின் கையைப் பிடித்தார். இரண்டு வருடத்தில் அந்த மனுசன் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை.

லாரியிலிருந்து இறக்கியபோதே அந்த ஆடு நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. காலையில் கலந்து வைத்த பொடியின் வேலை அது. பரமேஸ்வரனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு அவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சமையல் முடிவதற்குள், முருகனுக்கு விரதம் என்று சொல்லி, இலையில் உட்காராமலேயே ஜெயமணியை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் விசில்.

நான்கு மணிக்கு தர்மேந்திரன் மறுபடி போன் போட்டான். 

“மாமா, அனுசியாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்திருக்கோம். நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்குறா, கையி காலு ஒதறுது. புள்ளைக்கும் ஹார்ட்பீட் ரொம்ப ஸ்பீடாம். உடனே வாங்க மாமா.”

லாரி மலாக்கா டவுனுக்குப் பறந்தது. ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டுக்கு வெளியே நாற்காலியில் சாமிக்கண்ணுவும் பாக்கியலட்சுமியும் உட்கார்ந்திருந்தார்கள். சாமிக்கண்ணுவின் கையில் ஒரு காகிதக் கப். அதில் இருந்த மைலோ தளும்பி அவர் வேட்டியில் சிந்திக்கொண்டிருந்தது. பயந்துபோயிருக்கிறான், கை நடுங்குகிறது, நன்றாக நடுங்கட்டும் என்று பரமேஸ்வரன் நினைத்தார். நேராகப் போய் அவர் முன்னால் நின்றார்.

“என்னய்யா பண்ணுனீங்க எம் பொண்ண? என்னா கண்டதக் குடுத்தீங்க? ஊசிப்போனதப் போட்டுக் கொல்லப் பாத்தீங்களா?”

வார்டு நர்ஸ் எட்டிப் பார்த்து அதட்டினாள். சாமிக்கண்ணு வாயைத் திறப்பதற்குள் பாக்கியலட்சுமி எழுந்தார். கேட்டு வாசலில் அன்றைக்கு வாங்கிய வசவுக்கு இத்தனை நாள் கழித்து அந்த அம்மாள் பதில் சொன்னார்.

“நீங்க கேட்டதத்தான் குடுத்தேன் சம்பந்தி. ஒரு துண்டு ஈரலுக்கு வக்கில்லாத வீடுன்னு தெருவே கேக்கச் சொன்னீங்கல்ல? கெடா வெட்டுன ஒடனே ஈரலு, சுவரொட்டி ரெண்டையும் முழுசா எடுத்து டப்பாவுல போட்டு, நானே வீட்டுக்குக் கொண்டு போனேன். வேற ஒருத்தருக்கும் ஒரு துணுக்குக் குடுக்கல. மொளகு போட்டு வதக்கி, பக்கத்துல ஒக்காந்து ஊட்டிவிட்டேன். உங்க வீட்டு ஆடு சுத்தமா இருக்கும்னுதான் அவளும் வழிச்சித் தின்னா.”

பரமேஸ்வரன் சாமிக்கண்ணுவின் கையிலிருந்த கப்பைப் பார்த்தார். பிறகு சுவரோரம் நின்ற தர்மேந்திரனைப் பார்த்தார். அவனும் ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்து அமுக்கிக்கொண்டு நின்றான். பயந்த கை அப்படி நடுங்காது. அந்த நடுக்கத்தை அவருடைய விரல்கள் அனுபவித்திருக்கின்றன.

அப்போது இளம் டாக்டர் ஒருத்தி வந்தாள். பவானேஸ்வரி என்று பெயர் அட்டையில் இருந்தது.

“அனுசியா ஃபேமிலியா? இங்க பாருங்க, அவங்க பல்ஸ் நூத்தம்பதுக்குக் கீழ எறங்க மாட்டேங்குது. பேபிக்கு நூத்தித் தொண்ணூறுக்கு மேல. ரத்தத்துல பொட்டாசியம் ரொம்பக் கொறஞ்சிருக்கு. இன்ஃபெக்‌ஷனா, தைராய்டான்னு தேடிக்கிட்டு இருக்கோம். கொறையலன்னா பேபிய வெளிய எடுக்கணுமான்னு ஸ்பெஷலிஸ்ட் முடிவு பண்ணுவாரு. ஏழு மாசம்தான், ரொம்பச் சின்னப் புள்ள. ஏதாச்சும் மருந்து, நாட்டு மருந்து, ஜாமு, எதாவது சாப்ட்டாங்களா? மறைக்காம சொல்லுங்க.”

“ஒண்ணும் இல்ல டாக்டர், சாமிக்கு வெட்டுன கெடாயோட ஈரல் மட்டும்தான்,” என்றான் தர்மேந்திரன்.

“ஈரல்ல இப்படி ஆகாதே,” என்று டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டாள்.

ஜெயமணி தன் புருசனைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் பரமேஸ்வரன் தரையைப் பார்த்தார். தானாகச் சரியாகிவிடும், தனக்கு அரை நாளில் சரியாகவில்லையா என்று மனசு ஒரு பக்கம் சமாதானம் சொன்னது. ஆனால் அவர் விரலில் ஒட்டியிருந்தது ஒரு துளி. அவள் தின்றது முழு ஈரல். வாயைத் திறந்தால் கொட்டாய் போகும், கோர்ட் கேஸ் வரும். அதைவிட, கைக்குட்டையை மூக்கில் வைத்த அந்த ஆளுக்கு முன்னால் தலை கவிழ வேண்டும். ஆபரேஷன் தியேட்டரில் வெள்ளைக் காகிதமாகக் கிடக்கப்போகிற மகளையும், உள்ளங்கை அளவு பிள்ளையையும் ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, இந்த மனுசன் அந்தக் கைக்குட்டையை நினைத்தார். நினைத்தார் என்பதுதான் அவரைப் பற்றிய உண்மை. எவ்வளவு நேரம் நினைத்தார் என்று சொல்ல எனக்கே கூசுகிறது.

டாக்டர் திரும்பி நடக்கத் தொடங்கினாள்.

“டாக்டரம்மா,” என்றார் பரமேஸ்வரன். “தீவனத்துல ஒரு பொடி போடுவேன்.”

“என்னா பொடி?”

“பேரு தெரியாது. சதை ஏறுறதுக்கு. கைல பட்டா நெஞ்சு படபடன்னு அடிக்கும், இப்படித்தான் ஒதறும்.”

டாக்டர் கிட்டே வந்தாள். “ஆஸ்துமாவுக்குக் குடுக்குற மருந்து இனத்துல ஒண்ணு இருக்கு, ஆடு மாட்டுக்குப் போடக் கூடாதுன்னு தடை பண்ணது. அதுவா இருந்தா ஈரல்லதான் ஜாஸ்தி தங்கும். கடைசியா எப்பக் குடுத்தீங்க?”

“இன்னிக்குக் காலையில.”

“வெட்டுற அன்னிக்கா?” டாக்டரின் குரல் ஏறியது. “எத்தன வருஷமா இப்படிப் போடுறீங்க?”

“ஆறு.”

“உங்க வீட்டுலயும் அதத்தான் சாப்புடுறீங்களா?”

 ஜெயமணிதான் சொன்னாள்: “இல்லம்மா. எங்களுக்குன்னு பின் கொட்டாயில தனியா வளக்குறோம்.” சொல்லிவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

டாக்டர் உள்ளே ஓடினாள். சாமிக்கண்ணு அடிப்பார், குறைந்தது காறித் துப்புவார் என்று பரமேஸ்வரன் காத்திருந்தார். துப்பியிருந்தால் திருப்பித் திட்டவாவது வழி இருந்திருக்கும். அந்த மனுசன் கப்பைக் கீழே வைத்துவிட்டு, நடுங்குகிற கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வார்டுக் கதவு திறந்தே கிடந்தது. ஐந்தடி தள்ளித் திரைக்குப் பின்னால் அனுசியா கண்ணை விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தாள்.

காரணம் தெரிந்த பிறகு கத்தி தேவைப்படவில்லை. பொட்டாசியம் ஏற்றி, இதயத் துடிப்பைக் குறைக்கிற மருந்து கொடுத்து, ராத்திரி முழுக்கக் காவல் இருந்தார்கள். விடிந்தபோது பிள்ளையின் துடிப்பு இறங்கியிருந்தது. சாமிக்கண்ணுவையும் தர்மேந்திரனையும் சோதித்துவிட்டு அனுப்பினார்கள். கறி தின்ற மற்றவர்களையும் பார்த்து வர ஆள் போயிற்று. மூன்றாம் நாள் அரசாங்க ஆட்கள் வந்து முன் கொட்டாய்க்கு சீல் வைத்து, பொடிப் பையையும் எடுத்துக்கொண்டு போனார்கள். பரமேஸ்வரன் போலீஸ் ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தார். நியாலாஸில் அவரைக் கண்டதும் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போனவர்கள் அதிகம். அவரிடம் கிடா வாங்கி வெட்டியவர்கள்தான் எல்லோரும்.

ஒன்பதாம் நாள் அனுசியா வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று தெரிந்தது. பரமேஸ்வரன் பின் கொட்டாயில் நின்ற கருப்பனைப் பிடித்தார். ஜெயமணி சூப்பு வைத்துக் கொடுத்தாள், ஆனால் கூட வர மறுத்துவிட்டாள். தூக்குச்சட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு அவர் மட்டும் புக்கிட் ரம்பாய்க்குப் போனார்.

சாமிக்கண்ணு கேட்டைத் திறந்துவிட்டார். கையில் கைக்குட்டை இல்லை. இருந்திருந்தாலும் கோபப்படுகிற தகுதி பரமேஸ்வரனுக்கு மிச்சமில்லை. அனுசியா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் தூக்குச்சட்டியை மேசையில் வைத்து மூடியைத் திறந்தார். மிளகு வாசனை எழுந்தது.

“குடிம்மா. ஒடம்புக்கு நல்லது.”

“எந்தக் கொட்டாய் ஆடுப்பா?” என்று அனுசியா கேட்டாள்.

“பின் கொட்டாய்ம்மா. முனியாண்டி மேல சத்தியமா.” அவள் நம்பவில்லையோ என்று அவசரமாகக் கரண்டியை எடுத்து, சூடு பார்க்காமல் இரண்டு வாய் குடித்துக் காட்டினார். “பாரு, நானே குடிக்கிறேன்.”

“நீங்க குடிப்பீங்கப்பா. எனக்குத் தெரியும்.” அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. “கல்யாணம் ஆகுற வரைக்கும் நல்லதாப் பாத்துத்தானே எனக்கும் குடுத்தீங்க. தெரியாமத் தின்னுட்டேன். இனிமே இந்த வீட்டுல என்னா வாங்குறாங்களோ அதையே நானும் தின்னுக்குறேன். எம் புள்ளைக்குன்னு தனியா ஒரு கொட்டாய் வேணாம்.”

மூடியை எடுத்துத் தூக்குச்சட்டியை அவளே மூடினாள். துண்டைச் சுற்றி முடிச்சுப் போட்டு அவர் பக்கம் நகர்த்தினாள். பாக்கியலட்சுமி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

“அம்மாவ மட்டும் வரச் சொல்லுங்க,” என்றாள் அனுசியா. “வெறுங்கையோட வரச் சொல்லுங்க.”